பொருளியல் பட்டமும் காணாமல் போன உழைப்பாளியும்

பல்கலைக்கழக மானியக்குழு 2025 ஆகஸ்டில் பொருளியல், வணிகவியல், கணிதம், வேதியியல், அரசியல் அறிவியல் உள்ளிட்ட 9 பாடங்களுக்கான இளநிலைப் பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. பொருளியல் மாணவர்களுக்கு அதில் முன்மொழியப்பட்டுள்ள இந்தியப் பொருளியல் சிந்தனை, செல்வம் குறித்த தர்மக் கண்ணோட்டம், நில தானம், பசுச் செல்வம், குரு – சீடர் பொருளாதாரம், வணிகத்திலும் உழைப்பிலும் அரசனின் பங்கு என்று நீள்கிறது. புதிய கல்விக் கொள்கையின் பெயரால் ஒன்றிய பாஜக அரசு செய்துவரும் காவிமயத்தின் அடுத்த கட்டம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால், பொருளியல் பட்டப்படிப்பிலிருந்து உழைக்கும் மக்களை வெளியேற்றும் பணி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நவதாராளமயம் காலி செய்த இடத்தில்தான் இந்துத்துவா இன்று வந்து அமர்கிறது.

எது கட்டாயம், எது விருப்பம்?

ஒரு பட்டத்திற்கு எந்தத் தாள் கட்டாயம், எது விருப்பம் என்ற கேள்வி வெறும் நிர்வாகக் கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் அது அரசியல் கேள்வி. 2015இல் விருப்பத் தேர்வு அடிப்படையிலான முறை நாடு முழுவதும் கொண்டுவரப்பட்டபோது மானியக்குழு வெளியிட்ட பொருளியல் ஹானர்ஸ் மாதிரிப் பாடத்திட்டத்தில் 14 மையத் தாள்கள் இருந்தன. நுண்பொருளியலுக்கு 3, பேரியல் பொருளியலுக்கு 3, கணித முறைகளுக்கு 2, புள்ளியியலுக்கும் பொருளாதார அளவையியலுக்கும் தலா 1. எஞ்சிய நான்கில் இந்தியப் பொருளாதாரமும் வளர்ச்சிப் பொருளியலும் இடம்பெற்றன.

அரசியல் பொருளாதாரம் விருப்பப் பாடப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. 1857 முதல் 1947 வரையிலான இந்தியப் பொருளாதார வரலாறும், பொது நிதியும் அங்கேயே வைக்கப்பட்டன. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவின் செல்வத்தை எப்படி உறிஞ்சியது, உபரியை உருவாக்குபவர் யார், அதைக் கைப்பற்றுபவர் யார், வரிச்சுமை யார் தலையில் விழுகிறது ஆகியவற்றை முறையாகக் கற்காமலேயே ஒருவர் பொருளியல் பட்டதாரியாகிவிடலாம். விருப்பப் பாடம் என்பதும் ஏட்டளவில்தான் மாணவரின் விருப்பம். நிரந்தர ஆசிரியர்களை நியமிக்காமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகள் ஓட்டப்படும் கல்லூரியில், எந்தத் தாளை நடத்த ஆள் இருக்கிறதோ அதுவே மாணவரின் விருப்பமாகிவிடுகிறது.

கணிதம் கருவியா, கதவா?

கணிதமும் புள்ளியியலும் உழைக்கும் மக்களுக்குப் பகை அல்ல. இந்திய வரலாற்றை மார்க்சியப் பார்வையில் ஆராய்ந்த டி.டி.கோசாம்பி கணிதப் பேராசிரியர். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் அடித்தளத்தை அமைத்த மகலனோபிஸ் புள்ளியியல் அறிஞர். கருவி யார் கையில், எதற்காக என்பதே கேள்வி.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் சேர வேண்டுமானால் பனிரெண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். கியூட் நுழைவுத்தேர்விலும் கணிதத் தாள் கட்டாயம். மேல்நிலையில் கணிதப் பிரிவே இல்லாத அரசுப் பள்ளியில் படித்த விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு அந்தக் கதவு பதினாறு வயதிலேயே மூடப்பட்டுவிடுகிறது. முதலாண்டில் இணைப்புப் பாடம் நடத்தி அவரைத் தயார்செய்வது பல்கலைக்கழகத்தின் கடமை. அந்தக் கடமையைக் கைகழுவிவிட்டு, பள்ளிக்கல்வியின் ஏற்றத்தாழ்வைத் ‘தகுதி’ என்று அழைக்கிறார்கள்.

புள்ளியியலைக் கட்டாயமாக்கும் அரசு புள்ளிவிவரங்களை எப்படி நடத்துகிறது என்பதும் கவனத்திற்குரியது. வேலையின்மை 6.1 சதவீதம் என்று காட்டிய 2017–18 தொழிலாளர் கணக்கெடுப்பு, 2019 மக்களவைத் தேர்தல் முடியும்வரை முடக்கப்பட்டது. தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவி விலகினர். அதே ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வு முடிவுகள் 2019 நவம்பரில் அடியோடு கைவிடப்பட்டன.

தானம் கொடுத்த நிலத்தை உழுதவர் யார்?

இந்தியப் பொருளியல் சிந்தனையைக் கற்பிக்க வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு மறுப்பில்லை. செல்வச் சுரண்டலைக் கணக்கிட்டுக் காட்டிய தாதாபாய் நௌரோஜியைக் கற்பிக்கலாம். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார வரலாற்றை எழுதிய ரமேஷ் சந்திர தத்தைக் கற்பிக்கலாம். 1923இல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் எழுதிய அம்பேத்கரைக் கற்பிக்கலாம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தையும் ஒரு வரலாற்று ஆவணமாக, கேள்விகளோடு கற்பிக்கலாம்.

வரைவு விரும்புவது அந்தக் கேள்விகளற்ற போற்றுதலை. நில தானத்தைப் பண்டமாற்று மரபுகளோடு சேர்த்துப் பெருமையாக அடுக்குகிறது. மன்னர்கள் பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் வழங்கிய நிலங்களோடு, அங்கு உழுத மக்கள் மீதான அதிகாரமும் கைமாறியதை ஆர்.எஸ்.சர்மா 1965இல் வெளியான ‘இந்திய நிலப்பிரபுத்துவம்’ நூலில் விரிவாக ஆராய்ந்தார். குருகுலத்தின் வாசலில் சூத்திரருக்கும் தீண்டப்படாதோருக்கும் என்ன இடம் இருந்தது என்பதை நாடறியும். சாதி உழைப்பாளர்களையே கூறுபோட்டு மேல்கீழாக அடுக்கிவைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். சாதியைப் பேசாமல் ‘உழைப்பின் மதிப்பை’ தர்மத்தின் வழியே கற்பிப்பது, உழைத்தவரை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகும்.

நான்கு ஆண்டு, நான்கு வெளியேறும் வழி

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2013இல் திணிக்கப்பட்ட நான்காண்டுப் பட்டப்படிப்பு, மாணவர் – ஆசிரியர் போராட்டத்தால் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. 2022இல் அது புதிய கல்விக் கொள்கையின் வடிவில் மீண்டும் வந்தது. 44 கிரெடிட்டுடன் ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், 88க்குப் பட்டயம், 132க்குப் பட்டம், 176க்கு நான்காண்டு ஹானர்ஸ். வசதியுள்ளவர் ஹானர்ஸ் வரை செல்வார். வீட்டில் வருமானம் நின்றுபோனவர் முதலாண்டோடு போவார். நேற்றுவரை இடைநிற்றல் எனப்பட்டதற்கு இன்று சான்றிதழ் ஒட்டப்படுகிறது; அரசின் பொறுப்பும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

கூட்டப்பட்ட காலத்தில் என்ன கற்பிக்கிறார்கள்? மதிப்புக் கூட்டுப் பாடங்கள் என்ற பெயரில் வேத கணிதம், தூய்மை பாரதம், ஃபிட் இந்தியா, மகிழ்ச்சியாக இருக்கும் கலை ஆகியவற்றிற்குத் தலா 2 கிரெடிட். வேலையின்மையின் காரணத்தைக் கற்க வந்த மாணவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும் கலை கற்றுத்தரப்படுகிறது!

மக்களுக்கான பொருளியல்

எனவே, வரைவைத் திரும்பப் பெறு என்ற முழக்கத்துடன் மாற்றுக் கோரிக்கைகளும் எழ வேண்டும். அரசியல் பொருளாதாரம், பொருளாதார வரலாறு, பொருளியல் சிந்தனை வரலாறு ஆகியவை கட்டாயத் தாள்களாக வேண்டும். சாதி, பாலினம், வேளாண் நெருக்கடி ஆகியவை இந்தியப் பொருளாதாரத் தாளின் மையத்திற்கு வர வேண்டும். கணிதம் படிக்காத மாணவருக்கு இணைப்புப் பாடத்துடன் இடமளிக்க வேண்டும். காலி ஆசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். பாடத்திட்டம் வகுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களின் கல்விக் குழுக்களுக்கும் மாநிலங்களுக்கும் உரியது. டெல்லியிலிருந்து அனுப்பப்படும் ஒற்றை வார்ப்புக்கு அதில் இடமில்லை.

பட்ஜெட்டைப் படித்து, அதில் யாருக்குச் சலுகை, யாருக்கு வெட்டு என்று சொல்லத் தெரிந்த பட்டதாரி ஆளும் வர்க்கத்திற்குத் தொல்லைதான். அத்தகைய பட்டதாரிகளை உருவாக்கும் பொருளியல் வகுப்பறைக்கான போராட்டம், உழைக்கும் மக்களின் போராட்டத்தில் பிரிக்க முடியாத பகுதியாகும்.