முதல் பக்கத்தில் ஒரு பெயர்

தில்லி உலகப் புத்தகக் கண்காட்சியின் குழந்தைகள் அரங்கில் ஆண்டுதோறும் காணக் கிடைக்கும் காட்சி இது. மேஜைக்குப் பின்னால் எழுத்தாளர். எதிரே நீண்ட வரிசை. வரிசையில் நிற்பவர் அப்பா. மகளோ சற்றுத் தள்ளி, பாப்கார்ன் விற்பவரைப் பார்த்தபடி நிற்கிறாள். முறை வந்ததும் எழுத்தாளர் நிமிர்ந்து, "யார் பெயர் போடட்டும்?" என்கிறார். "பெயரெல்லாம் வேண்டாம் சார், கையெழுத்து மட்டும் போதும்" என்று பதில் வருகிறது. கையெழுத்து விழுகிறது. அப்பா செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். புத்தகம் பளபளப்பு உறைக்குள் திரும்பிப் போகிறது. மகள் அந்தக் கதையை இன்னும் படிக்கவில்லை. இனிப் படிப்பாளா என்பதும் சந்தேகம்தான். அது இப்போது அலமாரிச் சொத்து.

அப்பாவை ஒரேயடியாகக் குறை சொல்வதற்கில்லை. பழைய புத்தக வியாபாரத்தின் அரிச்சுவடி அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெறும் கையெழுத்துள்ள பிரதியை யாருக்கும் விற்கலாம். 'அன்புள்ள பிங்கிக்கு' என்று எழுதிய பிரதியைப் பிங்கியைத் தெரியாதவர் வாங்கத் தயங்குவார். பெயர் விழுந்தால் விலை இறங்கும் என்பது வியாபாரிகளின் பொதுக்கணக்கு. பிங்கி பின்னாளில் பிரபலமாகிவிட்டால் கணக்குத் தலைகீழாகும். ஆனால் பெற்றோர் சேர்ப்பது வியாபாரியின் கடைக்காக இல்லையே. வீட்டில் பிங்கிக்காகத்தானே சேர்க்கிறார்கள்?

குழந்தைகளுக்காகக் கையெழுத்திட்ட புத்தகங்களைச் சேர்த்து வைத்து, அவர்கள் வளர்ந்ததும் கையில் கொடுப்பது நல்ல ஆசை. முன்பைவிட இப்போது சுலபமும்கூட. 1972இல் தொடங்கிய தில்லிக் கண்காட்சி, 1976இல் தொடங்கிய கல்கத்தாக் கண்காட்சி, 1977 முதல் நடந்துவரும் சென்னைக் கண்காட்சி ஆகியவை போக, இலக்கிய விழாக்களும் வந்துவிட்டன. ஜெய்ப்பூர் விழா 2006இல் ஆரம்பமானது. குழந்தை இலக்கியத்துக்கென்றே 'புக்கரூ' விழா 2008இல் தில்லியில் பிறந்தது. எழுத்தாளரைத் தேடிப் போக வேண்டியிருந்த காலம் மாறி, அவரே ஊருக்கு வரும் காலம் இது. வாய்ப்பு பெருகிவிட்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் குழப்பம்.

இதற்கு வங்காளத்தில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. சத்யஜித் ராய் சிறுவனாக இருந்தபோது அம்மா சுப்ரபாவுடன் சாந்திநிகேதன் போனார். புதிதாக வாங்கிய ஆட்டோகிராஃப் நோட்டு கையில். அதன் முதல் பக்கத்தில் ரவீந்திரநாத் தாகூர் ஒரு கவிதை எழுதித்தர வேண்டும் என்பது பையனின் ஆசை. தாகூர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் திரும்பி வந்தபோது அதில் எட்டு வரிகள் இருந்தன. மலையையும் கடலையும் பார்க்கத் தொலைதூரம் போனவர், வீட்டு வாசலில் புல் நுனியில் நின்ற பனித்துளியைப் பார்க்கத் தவறியது பற்றிய கவிதை. இப்போது புரியாது, பெரியவனானதும் புரிந்துகொள்வான் என்கிற ரீதியில் தாகூர் அம்மாவிடம் சொன்னார்.

பையன் பெரியவனானார். 1940இல் அதே சாந்திநிகேதனுக்கு ஓவியம் படிக்கப் போனார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. புல்லையும் பனியையும் தண்ணீர்ப் பூச்சியையும் நின்று பார்க்கிற ஒரு கண் இந்திய சினிமாவுக்குக் கிடைத்தது. எட்டு வரியால்தான் அது விளைந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் அந்தப் பக்கம் ஒரு குறிப்பிட்ட பையனுக்காக, அவன் கேட்டதற்காக, ஓர் இரவு யோசித்து எழுதப்பட்டது. வெறும் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் இன்று அதைப் பற்றிப் பேச எதுவும் இருந்திருக்காது.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அதுதான் மனதைப் பிசைகிறது. ராயின் அப்பா சுகுமார் ராய் வங்கக் குழந்தைகளின் செல்லக் கவிஞர். காலா அசார் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும், தன் வேடிக்கைப் பாடல்களைத் தொகுத்து 'ஆபோல் தாபோல்' என்ற புத்தகமாக்கும் வேலையை அவர் விடவில்லை. பக்க அமைப்பு, படங்கள், அட்டை எல்லாம் அவர் கைவண்ணமே. 1923 செப்டம்பர் 10 அன்று இறந்துபோனார். புத்தகம் அச்சாகி வெளிவந்தது அதற்குச் சில நாட்கள் கழித்து. நூறு ஆண்டுகளைத் தாண்டி வங்கக் குழந்தைகள் படித்துவரும் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியில்கூட ஆசிரியரின் கையெழுத்து கிடையாது. மகனுக்கு அப்போது இரண்டு வயது. தாகூரின் எழுத்து கிடைத்த பையனுக்கு, அப்பா எழுதிய புத்தகத்தில் அப்பாவின் கையால் தன் பெயர் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை.

கையெழுத்து வாங்குவதில் தள்ளிப்போடுதல் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பட்டியல் வேகமாகச் சுருங்குகிறது. 'அமர் சித்திரக் கதை'யை 1967இல் ஆரம்பித்து நாடெங்கும் பிள்ளைகளுக்கு 'அங்கிள் பை'யாக இருந்த அனந்த் பை 2011இல் காலமானார். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் பழங்குடிச் சிறுமி மொய்னாவின் கதையை எழுதிய மகாஸ்வேதா தேவி 2016இல் மறைந்தார். தமிழில் குழந்தைக் கவிஞர் என்றாலே நினைவுக்கு வரும் அழ. வள்ளியப்பா 1989இலும், பல தலைமுறைகளுக்குக் கதை சொன்ன வாண்டுமாமா 2014இலும் போய்விட்டார்கள். தாத்தா பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இவர்களில் யாராவது கையெழுத்திட்ட பிரதி தூங்கிக்கொண்டிருக்கலாம். புதிய புத்தகம் வாங்கப் புறப்படுவதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

நேரில் போய் வாங்குவதன் மதிப்பை முசூரி அறியும். லாண்டோர் மலையில் வசிக்கும் ரஸ்கின் பாண்ட், மால் ரோட்டில் உள்ள கேம்பிரிட்ஜ் புக் டிப்போவுக்குச் சனிக்கிழமை மாலைகளில் இறங்கி வருவார். 2020இல் கொரோனா குறுக்கிடும்வரை பல ஆண்டுகள் நடந்த வழக்கம் இது. அவரைப் பார்ப்பதற்கென்றே விடுமுறைப் பயணத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அப்படி வாங்கிய 'நீலக் குடை' பிரதி அலமாரியில் இருந்தால் அதனுடன் ஒரு மலைப்பாதையும், வயிற்றைப் புரட்டிய பஸ் வளைவுகளும், கடை வாசலில் காத்திருந்த குளிரும் சேர்ந்தே இருக்கும். தபாலில் வந்த பிரதிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

யாரிடம் வாங்குவது என்பதிலும் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். குழந்தைப் புத்தகத்தில் பாதி ஓவியருடையது. சில புத்தகங்களில் முக்கால் பங்கு. ஆனாலும் வரிசை எழுத்தாளர் முன்னால்தான் நிற்கிறது. சென்னையின் தாரா பதிப்பகம் 2006இல் கொண்டுவந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' மரங்களின் இரவு வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம். மத்தியப் பிரதேச கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்தது. கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரின்ட் செய்து, எண்ணிட்ட பிரதிகளாகவே அது வெளிவருகிறது. பஜ்ஜு ஷியாமுக்கு 2018இலும் துர்கா பாய்க்கு 2022இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஓவியரிடம் புத்தகத்தை நீட்டினால் கையெழுத்தோடு ஒரு குருவியோ மானோ சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எழுத்துக் கூட்டப் படிக்காத குழந்தைக்கும் அந்தக் குருவி புரியும்.

இன்னொரு மறக்கப்பட்ட நபர் மொழிபெயர்ப்பாளர். தில்லியிலோ பூனாவிலோ வளரும் தமிழ்க் குழந்தைக்கு இவர் மிக முக்கியமானவர். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையிலும், சென்னை தூலிகாவின் வெளியீடுகளிலும் ஒரே கதை பல மொழிகளில் வருகிறது. கல்கத்தாவில் வங்க எழுத்தாளரைச் சந்திக்கும் தமிழ்க் குழந்தை, அவருடைய கதையின் தமிழ்ப் பதிப்பை நீட்டலாம். தமிழ் அச்சுக்கு மேலே வங்க எழுத்தில் ஒரு கையெழுத்து. கீழே மொழிபெயர்த்தவர் கையெழுத்துக்கு இடம் காலியாக இருக்கட்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அது நிரம்பும். மலையாளத்திலிருந்து ஏராளமான சிறுவர் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த யூமா வாசுகி, தன் சொந்தப் படைப்புக்காக 2024ஆம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவர். 2010 முதல் சாகித்ய அகாதெமி வழங்கிவரும் இந்த விருதின் பட்டியல், தமிழில் யாரைத் தேடுவது என்று திகைக்கும் பெற்றோருக்கு ஒரு நல்ல தொடக்கம். 2020இல் யெஸ். பாலபாரதி, 2023இல் உதயசங்கர் என்று உயிரோடு நம் மத்தியில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். இவர்கள் முன்னால் வரிசை நீளமும் குறைவு. குழந்தையிடம் இரண்டு வார்த்தை பேச அவகாசம் கிடைக்கும்.

இனி நடைமுறை. கையெழுத்து அட்டையின் உட்புறத்தில் வேண்டாம். அட்டை பிய்ந்தால் அதுவும் போகும். புத்தகப் பெயர் அச்சான தலைப்புப் பக்கமே சரியான இடம். வழவழப்பான தாளில் பால்பாயின்ட் வழுக்கும். ஜெல் பேனாவின் மை காய்வதற்குள் மூடினால் எதிர்ப் பக்கத்தில் அச்சாகும். ஊற்றுப் பேனா மை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துபோகும். தடித்த மார்க்கர் மறுபக்கத்துக்கு ஊறும். ஓவியப் பொருள் கடைகளில் நீரில் கரையாத மை உள்ள மெல்லிய முனைப் பேனா கிடைக்கிறது. அதைக் கொண்டுபோவது உத்தமம். தேதியும் ஊரும் எழுதச் சொல்லலாம். எழுத்தாளர் மறந்தால் பெற்றோர் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைக்கலாம்: யாருடன் போனோம், குழந்தை என்ன கேட்டது, அவர் என்ன சொன்னார். கண்காட்சி நுழைவுச் சீட்டையும் உள்ளே வைக்கலாம். செலோடேப் மட்டும் வேண்டாம். சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளைத் தின்னும்.

பாதுகாப்பது அடுத்த தலைவலி. பம்பாயின் மழைக்காலமும் சென்னையின் கடற்காற்றும் காகிதத்துக்கு எதிரிகள். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே பேர்போன ராமபாணப் பூச்சி எந்தக் கையெழுத்துக்கும் மரியாதை தராது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஈரம் வாங்கும். ஜன்னல் வெயில் மையை வெளுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். புத்தகங்களை நெருக்காமல் நிற்க வைத்து, அடிக்கடி எடுத்துப் புரட்டுவதே மலிவான வைத்தியம். புரட்டப்படும் புத்தகத்தில் பூச்சி நிம்மதியாகக் குடியிருப்பதில்லை.

புரட்ட வேண்டியவர் குழந்தை. பெற்றோருக்குப் பதற்றம் ஏற்படுவது இங்கேதான். பால் சிந்தும், மூலை மடங்கும், கதாநாயகனுக்கு கிரேயானில் மீசை முளைக்கும். ஆனால் தொடாதே என்று சொல்லி வளர்த்த புத்தகத்தை இருபது வயதில் கையில் கொடுத்தால், பிள்ளைக்கு அது அப்பாவின் பொருளாகத்தான் தெரியும். வசதி இருந்தால் இரண்டு பிரதி வாங்கலாம். இல்லாவிட்டால் ஒரே பிரதியைப் படிக்கக் கொடுத்துவிடலாம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957இல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டை ஆரம்பித்ததே நல்ல புத்தகம் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டும் விலையில் கிடைக்கத்தான். மீசை முளைத்த கதாநாயகனும் பின்னாளில் ஒரு கையெழுத்துதான். அதைப் போட்டவர் ஐந்து வயதுக்காரர்.

பிடித்த ஆசிரியர் மறைந்துவிட்டால்? புத்தகத்தை வாங்கிக்கொடுத்தவர் எழுதலாம். இரவில் அதை வாசித்துக் காட்டிய அம்மா எழுதலாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறையாகிவிடுவோமோ என்று வெளிமாநிலத்தில் கவலைப்படும் பாட்டி, பேத்தியின் பெயரைத் தமிழில் எழுதித் தன் பெயரையும் கீழே போடலாம். ஏலக்கடையில் இதற்குச் செல்லாக்காசு மதிப்புதான். பேத்தி அதை விற்கப் போவதும் இல்லை.

மறுபடி அந்தத் தில்லி வரிசைக்கு வருவோம். அடுத்த முறை அப்பா செய்ய வேண்டியது அதிகமில்லை. கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பே புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட வேண்டும். பிடித்திருந்தால் அவளே வரிசையில் நிற்பாள். பிடிக்காவிட்டால் அந்த வரிசையே தேவையில்லை, பாப்கார்ன் சாப்பிடப் போகலாம். முறை வந்ததும் எழுத்தாளர் வழக்கம்போல நிமிர்ந்து பார்த்து, "யார் பெயர்?" என்பார். அப்போது அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்ளட்டும். தன் பெயருக்கு எந்த 'ன'கரம் என்பதை மகளே சொல்லிக்கொள்வாள்.