மூலமும் உரையும்

சென்ற ஞாயிறு மாலை களுபோவில இல்லத்து விறாந்தையிலே விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். எமது பழைய மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். கொழும்பிலே மென்பொருள் நிலையம் ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவன். முகத்திலே வாட்டம். காரணம் வினவினோம்.

"போன மாதம் பெரிய பிழை ஒன்று விட்டுவிட்டேன், சேர். கணக்குப் பார்க்கும் ஒரு செய்நிரல். அதை எழுதியவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். விளக்க ஏட்டிலே தொகையை ரூபாயில் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. அப்படியே கொடுத்தேன். செய்நிரலோ அதைச் சதமாக எடுத்துக்கொண்டது. நூறு ரூபாய் ஒரு ரூபாயாகிவிட்டது!"

"அந்த ஏட்டை எழுதியவர் யார், தம்பி?"

"ஒருவரும் எழுதவில்லை, சேர். அது தானாகவே உண்டானது."

ஏடு தானாக உண்டாவதும் உண்டோ என்று நேயர்கள் வியத்தல் கூடும். உண்டு. செய்நிரல் எழுதுவோர் கணனிக்குரிய கட்டளைகளின் இடையிடையே மனிதருக்குரிய குறிப்புகளையும் எழுதுவர். கணனி அவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். முற்காலத்திலே விளக்க ஏடு வேறாக எழுதப்பட்டது. செய்நிரல் வாரந்தோறும் மாற, ஏடு மட்டும் பழையபடியே கிடந்தது. இக்குறையை நீக்கவே, குறிப்பைக் கட்டளையின் தலைமேலேயே எழுதிவைத்து, பின்னர் ஒரு கருவியைக் கொண்டு குறிப்புகளை எல்லாம் திரட்டி ஏடாக்கும் வழக்கம் தோன்றியது.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத் என்பார், செய்நிரலானது மனிதர் படித்தற்குரிய கட்டுரைபோல் எழுதப்படல் வேண்டும் என்று 1984இல் வற்புறுத்தினார். அவர் அமைத்த முறையிலே ஒரே மூலத்திலிருந்து கணனிக்குரியதும் அச்சிற்குரியதும் தனித்தனியே பிறந்தன. அச்சுக்கோப்புக்கென அவர் ஆக்கிய 'டெக்' என்னும் செய்நிரல் 1986இல் ஒரு முழு நூலாகவே வெளிவந்தது. 1996இல் ஜாவா மொழியுடன் 'ஜாவாடொக்' என்னும் கருவி வந்தது; அடுத்த ஆண்டிலே 'டொக்ஸிஜன்' வந்தது. இவை இம்முறையை உலகெங்கும் பரப்பின.

தொலைவிற் செல்வானேன்? எமது கொழும்பு மாநகரிலேயே பிறந்த கணனி மொழி ஒன்று உண்டு. 2005இல் தொடங்கப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம் ஆக்கிய 'பலெரினா' என்பதே அது. அதன் முதலாம் நிறைபதிப்பு 2019 செப்டெம்பரில் வெளியாயிற்று. அம்மொழியிலே குறிப்பெழுதும் முறை இலக்கணத்தோடு சேர்த்தே வகுக்கப்பட்டுள்ளது. 'ஹேஷ்' குறியோடு தொடங்கும் வரிகள் விளக்கமாகும். உள்ளே கொடுக்கப்படுவன இவை, திரும்பக் கிடைப்பது இது என்று ஒவ்வொன்றிற்கும் தனி வரி உண்டு. 'பல் டொக்' என்று கட்டளையிட்டால் அவ்வளவும் ஏடாகத் திரண்டு வரும். விளக்கத்திலே ஒரு பெயர் விடுபட்டாலோ, இல்லாத பெயர் ஒன்று புகுந்தாலோ அம்மொழி எச்சரிக்கையும் செய்யும்.

நிற்க. மூலத்தையும் உரையையும் ஒருங்கே வைத்தல் தமிழருக்குப் புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் பதிப்பித்த தொல்காப்பியச் சொல்லதிகாரத்திலே சூத்திரமும் சேனாவரையர் உரையும் உடனிற்கக் காண்கிறோம். உரை இல்லையேல் சூத்திரம் பூட்டிய பெட்டியாகும். ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. சேனாவரையர் தமக்கு முன்னிருந்த இளம்பூரணர் உரையை ஆராய்ந்து, பொருந்தாவிடத்து மறுத்துரைத்தவர். கருவியோ ஆராய்வதில்லை, எழுதியிருப்பதைத் திரட்டித் தருவதோடு அதன் கடமை முடிந்தது.

மாணவனுக்கு நேர்ந்ததும் அதுவே. முதலிலே தொகை ரூபாயிலேதான் இருந்ததாம். இடையில் ஒருநாள் அதனைச் சதமாக மாற்றியவர் தலைமேலிருந்த குறிப்பை மாற்ற மறந்துவிட்டார். கருவி அப்பழைய பொய்யை அழகான பக்கத்திலே புதிய தேதியிட்டுத் தந்தது. பெயர் விடுபட்டிருந்தால் கருவி கண்டுபிடிக்கும். ரூபாய் எது, சதம் எது என்பதை அஃது எங்ஙனம் அறியும்? இன்று செயற்கை நுண்ணறிவும் குறிப்பெழுதித் தருகிறது. கட்டளை என்ன செய்கிறது என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடும்; ஏன் அவ்வாறு செய்யவேண்டி வந்தது என்பதோ எழுதியவர் நெஞ்சிலே இருப்பது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கற்ற இளைஞர் எத்தனையோ பேர் நாட்டை விட்டுச் சென்றனர். அவர் நெஞ்சிலிருந்தது அவருடனேயே கப்பலேறிவிடும். இங்கே எஞ்சுவது அவர் எழுதி வைத்த வரி மாத்திரமே.

"அந்தக் குறிப்பைத் திருத்திவிட்டாயா, தம்பி?" என்றோம்.

சற்றே தலை குனிந்தான். "என்னுடைய கணக்கைத் திருத்திவிட்டேன், சேர். குறிப்பு... இன்னும் இல்லை. நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்."

விடைபெறும்பொழுது, தானும் கனடாவுக்கு விண்ணப்பித்திருப்பதாகக் கூறினான். அவன் இருக்கையிலே நாளை வந்து அமரப்போகும் பிள்ளையை நாம் அறியோம், அவனும் அறியான். ஆயினும் அப்பிள்ளைக்கு அவன் செய்யத்தக்க உபகாரம் அந்த ஒரு வரியிலே இருக்கிறது.

அவன் சென்றபின், பல ஆண்டுகளாக நாம் வகுப்புக்கு எடுத்துச்செல்லும் பாடக் குறிப்பேட்டைப் புரட்டினோம். பாடத்திட்டம் மாறியும் மாறாத பக்கங்கள் நான்கு இருந்தன. விடைத்தாள்களை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை அக்குறிப்பேட்டின்மீது எடுத்தோம்.