ஆறாவது மாதத்துக்குப் பிறகு

திருவனந்தபுரத்தில் தம்பானூரிலிருந்து பட்டம் போகும் வழியில் ஒரு விளம்பரத் தட்டி நிற்கிறது. மலையாளத்தில் எழுதியிருக்கிறார்கள். நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலுக்கு மேல் ஒட்டியிருக்கும் தாளில் அதுவே தமிழில் இருக்கும்: "கத்தியில்லை, தையலில்லை, தழும்பில்லை. இருபதே நிமிடத்தில் வயிற்று பலூன். பதினைந்து கிலோ குறையும்." விளம்பரம் கொடுப்பவர் பெயர் மாறுகிறது, வாசகம் மாறுவதில்லை. கரமனையிலிருந்து வேலைக்குப் போய் வரும் வழியில் நாலு வருடமாக இதைப் படித்து எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கிறேன். இடையில் என் அக்கா இதை நம்பிப் பணம் கட்டினாள். அதனால் இந்த வாசகத்துக்குச் சொல் சொல்லாகப் பதில் எழுத எனக்கு உரிமை உண்டு.

பொருள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு சிலிக்கோன் பை. மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பிக் குழாயின் துணையோடு வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, 400 முதல் 700 மில்லி வரை உப்புநீர் நிரப்புவார்கள். ஆறு மாதம் அது உள்ளே கிடக்கும். பிறகு மறுபடியும் மயக்கம், மறுபடியும் குழாய். ஊசியால் குத்தி நீரை உறிஞ்சிவிட்டு, சுருங்கிய பையைக் கவ்வி வெளியே இழுப்பார்கள். மாத்திரை போல விழுங்கும் வகையும் வந்துவிட்டது. அதற்கு எண்டோஸ்கோப்பி தேவையில்லை, சுமார் 16 வாரத்தில் தானே காலியாகி மலத்தோடு போய்விடும் என்கிறார்கள்.

தழும்பில்லை என்பதற்கு ஒரு வரி போதும். தழும்புக்குப் பயந்து யாரும் தொண்ணூறு கிலோவில் உட்கார்ந்திருக்கவில்லை.

கத்தியில்லை என்பதுதான் இந்த வாசகத்தின் உயிர். சென்னையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன ஓர் இளைஞர் இறந்தது 2024 ஏப்ரலில் செய்தியானது. இங்கே கழக்கூட்டத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன ஒரு பெண் விரல்களை இழந்தது 2025இல் செய்தியானது. அந்தப் பயம் நம் வீடுகளில் இன்னும் ஆறவில்லை. கத்தியில்லை என்று சொன்னால் ஆபத்தில்லை என்று அது காதில் விழும். விழட்டும் என்றுதான் எழுதுகிறார்கள்.

ஆபத்து இல்லையா? அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 பிப்ரவரியில் மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: பலூன் வயிற்றுக்குள் தானாக ஊதிப் பெரிதாவதும், கணையம் திடீரென வீங்குவதும் நடக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் அடுத்த கடிதம், ஐந்து மரணங்களைப் பற்றி. ஐவரும் பலூன் வைத்த ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள். 2018 ஜூனில் வந்த கடிதம் 2016 முதல் உலகம் முழுவதும் பன்னிரண்டு மரணங்கள் என்று கணக்குச் சொன்னது. இவை அரிதானவைதான், மறைக்க மாட்டேன். ஆனால் அரிதானது என்று சொல்வதற்கும், ஒன்றுமே இல்லை என்று பஸ்ஸில் ஒட்டுவதற்கும் நடுவே ஓர் உயிர் இருக்கிறது.

பலூனுக்குள் போகும் உப்புநீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலப்பது வழக்கம். பை கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். அன்றே ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். ஏனென்றால் காற்றுப்போன பை குடலுக்குள் நழுவி அடைத்துக்கொள்ளலாம். அடைத்துக்கொண்டால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். தட்டியில் இல்லை என்று எழுதிய கத்தி அப்போது வரும்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்ற பாவனையும் உண்டு. 1985இல் அமெரிக்காவில் கேரன்–எட்வர்ட்ஸ் குமிழி என்ற பெயரில் இதே யோசனை அனுமதி பெற்று அமோகமாக விற்றது. உருளை வடிவப் பை, உள்ளே காற்று. புண், குடலடைப்பு என்று புகார்கள் வந்தன. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிடக் குமிழி வைத்தவர்கள் கூடுதலாக மெலியவில்லை. 1988இல் விற்பனை நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே ஃபுளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸில் நிபுணர்கள் கூடி, இனி வரும் பலூன் வழவழப்பாக, உருண்டையாக, திரவம் நிரப்பியதாக இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். அமெரிக்கா அடுத்த பலூனை அனுமதித்தது 2015இல். இன்றைய பை அன்றையதைவிட நல்ல பை, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கொடுத்த விலையும் வாசகத்தில் வர வேண்டும்.

அடுத்தது இருபது நிமிடம். வைக்க இருபது நிமிடம்தான் ஆனது. மதியம் பன்னிரண்டுக்கு உள்ளே போன அக்கா சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ராத்திரி எட்டு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. ஒரு டம்ளர் நீராகாரம் கொடுத்தால் அதுவும் திரும்பி வந்தது. பிறகு வர ஒன்றுமில்லாமல் வெறும் ஓங்கரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்தாள். "வயித்துக்குள்ள அம்மிக்குழவி கெடக்க மாதிரி இருக்கு மக்களே, இத எடுத்துரச் சொல்லு" என்று மூன்றாம் நாள் விடியற்காலை அழுதாள். மருத்துவமனைக்குப் போன் போட்டால், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் என்றால், பணம் வாங்கும்போது ஏன் அதைச் சொல்லவில்லை? அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்விலேயே நாலில் மூன்று பேருக்கு வாந்தி இருந்திருக்கிறது. ஆறு மாதமும் தினமும் அமிலம் குறைக்கும் மாத்திரை போட வேண்டும். மூட்டுவலிக்கு வலிமாத்திரை விழுங்கக் கூடாது. அக்கா மெலிய ஆசைப்பட்டதே மூட்டுவலி தாங்காமல்தான்.

இனி பதினைந்து கிலோ. அதே அமெரிக்க ஆய்வில் ஆறு மாதத்தில் பலூன் வைத்தவர்கள் சராசரியாக உடல் எடையில் 10.2 சதவீதம் இழந்தார்கள். பலூன் இல்லாமல் உணவு, நடை ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் 3.3 சதவீதம் இழந்தார்கள். தொண்ணூறு கிலோ ஆளுக்குக் கணக்குப் போடுங்கள். ஒன்பது கிலோ குறையும், அதில் மூன்று கிலோ பலூனே இல்லாமலும் குறைந்திருக்கும். பை தருவது மீதி ஆறு கிலோ. பதினைந்து குறைந்தவர் யாரோ ஒருவர் இருப்பார். தட்டியில் சிரிப்பது அவர்தான்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். வாந்தி ஒரு வாரம், ஆபத்து அரிது, ஆறு கிலோ என்றாலும் ஆறு கிலோதானே என்று. எனக்கு ஆறாத கோபம் அந்த வாசகம் எங்கே முடிகிறது என்பதில்தான். பை உள்ளே போவதோடு அது முடிந்துவிடுகிறது. பை வெளியே வரும் நாள் எந்தத் தட்டியிலும் இல்லை.

பலூன் செய்வது இரண்டு காரியம். இடத்தை அடைக்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் கொஞ்சம் தின்றதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் இரைப்பை பழகிக்கொள்ளும் உறுப்பு. எடையில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில் குறைந்துவிடும், பிறகு வேகம் தணியும். அடைப்பு கெட்டிச் சோற்றுக்குத்தான், திரவத்துக்கு இல்லை. நான்காம் மாதம் ஓணம் வந்தது. அக்காவால் ஒரு பிடிக்கு மேல் சோறு இறக்க முடியவில்லை. அடப் பிரதமன் இரண்டு கிண்ணம் தடையில்லாமல் இறங்கியது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் அந்தப் பையைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அவள் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். பசித்த உடம்பு எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியில்தான் போகும்.

ஆறு மாதம் முடிந்து எடுத்தார்கள். 94 கிலோவில் போனவள் 84க்கு வந்திருந்தாள். எல்லாரும் கொண்டாடினோம், அதையும் மறைக்கவில்லை. எடுத்த மறுநாள் காலை அக்கா நாலு இட்லி சாப்பிட்டாள், ஆறு மாதத்துக்குப் பிறகு. "பசிக்கு, நெசமாவே பசிக்கு" என்று பயந்துபோய்ச் சொன்னாள். எடை இறங்கிய உடம்பு பசியைக் கூட்டும், செலவிடும் சக்தியைக் குறைக்கும். இழந்ததைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். அதுவரை அந்தப் பசியை அமுக்கி வைத்திருந்த பை மருத்துவமனைக் குப்பைக்குப் போய்விட்டது. அடுத்த ஓணத்துக்கு அவள் 92 கிலோ. உணவு ஆலோசகர் இருப்பதாகச் சொன்னார்கள். பை வெளியே வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் செலவு. அவள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் அது.

ஓர் அக்காவை வைத்து ஊரை அளக்காதே என்பார்கள். சரி, ஊரையே அளந்தவர்கள் சொல்வதைக் கேட்போம். கிரேக்கத்தில் பலூன் வைத்த 500 பேரை மருத்துவர்கள் தொடர்ந்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் கணக்கில் வந்த 195 பேரில் 46 பேர்தான் அதிகப்படி எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்த நிலையில் இருந்தார்கள். முப்பது கிலோ அதிகம் உள்ளவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஆறு கிலோ. அந்த ஆறு கிலோவைக்கூட நாலில் மூன்று பேரால் காப்பாற்ற முடியவில்லை.

பெரிய அறுவைக்கு முன்னால், அளவுக்கு மீறிப் பருத்த ஒருவரின் மயக்க மருந்து ஆபத்தைக் குறைக்கக் கொஞ்சம் எடை இறக்க வேண்டும் என்றால், பலூன் நல்ல கருவி. அங்கே ஆறு மாதம் என்பது போதுமான காலம். கல்யாணத்துக்கு முன் மெலிய வேண்டும் என்று வரும் பெண்ணுக்கும் மூட்டு தேய்ந்த என் அக்காவுக்கும் அது போதாது.

உணவுக் கட்டுப்பாடும் நடையும் தோற்றுவிட்டன, அதனால்தான் பலூன் என்ற வாதமும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) கேரளத்தில் 38.1 சதவீதப் பெண்களும் 36.4 சதவீத ஆண்களும் அதிக எடை உள்ளவர்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம். இத்தனை பேர் வயிற்றிலும் பை வைக்க முடியுமா? இதே மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை தாலுகாவில், வாக்குச்சாவடி எல்லைகளை அலகாக வைத்து அறுபது இடங்களில் 1007 பேரோடு ஒரு நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நடந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி, ஒருவரையொருவர் பார்த்து உணவையும் பழக்கத்தையும் மாற்றும் முறை. இரண்டு ஆண்டு முடிவில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானது இல்லை என்று 2018இல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். காய்கறி கூடியது, குடி குறைந்தது என்பதையும் எழுதினார்கள். இது மெதுவான வழி, பலன் சிறியது, ஆனால் கணக்கை மறைக்காத வழி. எனக்கு அதன்மேல்தான் மரியாதை.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் வரிசையில் உடற்பருமனும் இருக்கிறது. பலூன் அதற்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடலாம். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் வாதாட இடமில்லை: மருத்துவரோ நிறுவனமோ நோயாளிகளை நேராகவோ மறைமுகமாகவோ வலைவீசி அழைப்பது நெறிக்கு விரோதம் என்று அவை சொல்கின்றன. தட்டி இன்னும் நிற்கிறது.

முன்பணம் கட்டப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "பலூனை எடுத்து ஒரு வருடம் ஆன உங்கள் நோயாளிகள் இப்போது என்ன எடை?" என்று அந்த மேசையில் உட்கார்ந்து கேளுங்கள். எண்ணில் பதில் வராவிட்டால் பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.