கெட்ட கனவு நின்றால் போதுமா?

சண்டை முடிந்து விட்டது. பட்டாளத்துக்காரர் ஊர் திரும்பி விட்டார். கை, கால் எல்லாம் சரியாக இருக்கின்றன.

ஆனால், இரவில் தூக்கம் இல்லை. கதவு "படார்" என்று சாத்தினால் தூக்கிவாரிப் போடுகிறது. கடைத் தெருவில் கூட்டத்தைக் கண்டால் வியர்த்துக் கொட்டுகிறது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட முன்னாள் வீரர்கள் லட்சக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியம் உண்டு. அதனால் பலன் அடைந்தவர்களும் ஏராளம்.

இப்போது டாக்டர்களிடையே வேறு ஒரு கேள்வி எழுந்து இருக்கிறது.

"கெட்ட கனவு நின்று விட்டது, சரி. அந்த மனிதர், தாம் வாழ விரும்பியபடி வாழ்கிறாரா?"

பெயர் வந்த கதை

நோய் பழையது. பெயர்தான் புதியது.

முதல் உலகப் போரில் இதை "குண்டு அதிர்ச்சி" என்றார்கள். "கோழை" என்று ஏச்சு வாங்கியவர்களும் உண்டு.

வியட்நாம் சண்டை 1975-ல் முடிந்தது. ஊர் திரும்பிய வீரர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 1980-ல் அமெரிக்க மனநோய் டாக்டர்கள் தங்கள் கைப்புத்தகத்தில் இந்த நோயைச் சேர்த்தார்கள். "பி.டி.எஸ்.டி." என்பது அதன் சுருக்கப் பெயர். பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனக் கோளாறு என்று பொருள்.

வியட்நாமில் பணி செய்த ஆண்களில் 100-க்கு 30 பேருக்கு, வாழ்நாளில் ஏதாவது ஒரு காலத்தில் இந்த நோய் இருந்தது என்று பின்னர் நடந்த கணக்கெடுப்பு தெரிவித்தது.

என்ன வைத்தியம்?

முக்கியமானவை இரண்டு.

ஒன்று, பயந்ததை நேருக்கு நேர் பார்க்க வைப்பது. எட்னா போவா என்ற பெண் நிபுணர் வகுத்த முறை இது. நடந்த சம்பவத்தை நோயாளி கண்ணை மூடிக் கொண்டு, ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து, வீட்டிலும் போட்டுக் கேட்க வேண்டும். கூட்டத்தைக் கண்டு அஞ்சுகிறவர் கூட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். நாளாக ஆக, பயம் தணிகிறது.

மற்றது, எண்ணத்தை மாற்றுவது. பெட்ரீசியா ரெசிக் என்பவர் ஏற்படுத்தினார். பெரும்பாலும் 12 தடவை டாக்டரைப் பார்க்க வேண்டும். "என்னால்தான் என் நண்பன் செத்தான்" என்று ஒருவர் நினைத்துக் கொண்டே இருக்கிறார். அது உண்மைதானா என்று அவரையே எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டும் நல்ல முறைகள். ஆனால், கசப்பான மருந்து.

2022-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 916 முன்னாள் வீரர்கள் கலந்து கொண்டார்கள். முதல் முறையில் 100-க்கு சுமார் 56 பேரும், இரண்டாவது முறையில் சுமார் 47 பேரும் பாதியிலேயே நின்று விட்டார்கள்!

2015-ல், பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற வீரர்களில் பாதிப் பேருக்காவது நல்ல முன்னேற்றம் இருந்தது. ஆனாலும், மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் முழுவதும் விடவில்லை.

20 கேள்விகள்

குணம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அதற்கு ஒரு கேள்வித் தாள் இருக்கிறது. 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 80. இது பள்ளிக்கூடப் பரீட்சை அல்ல. மதிப்பெண் குறைந்தால்தான் மகிழ்ச்சி.

கெட்ட கனவு வருகிறதா? திடுக்கிடுகிறீர்களா? நினைவைத் தவிர்க்கிறீர்களா? இப்படிப் போகின்றன கேள்விகள். "மற்றவர்களிடம் இருந்து விலகி நிற்பது போல் தோன்றுகிறதா?" என்றும் ஒரு கேள்வி உண்டு.

"நீங்கள் விரும்பிய மாதிரியான தகப்பனாராக இருக்கிறீர்களா?" என்ற கேள்வி அதில் இல்லை.

இங்கேதான் சிக்கல். ஒருவருக்கு 50 மதிப்பெண் 20 ஆகக் குறைந்தது என்று வைத்துக் கொள்வோம். டாக்டருக்குத் திருப்தி. ஆனால், அவர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து இருக்கிறார். மகளோடு பேசுவது இல்லை. இன்னொருவருக்குக் கனவு நிற்கவே இல்லை. இருந்தும், காலையில் எழுந்து மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறார். இவர்களில் யார் தேறியவர்?

பதில் சொல்வது எளிது அல்ல. தூக்கம் இல்லாதவனிடம் போய் "லட்சியத்தோடு வாழு" என்று சொல்வது கொடுமை. முதலில் அவன் தூங்கட்டும்! ஆகவே, பழைய வைத்தியங்களைக் குறை கூறி ஒதுக்குவது தவறு. அவை பயத்தைக் குறைக்கின்றன. பயம் குறைந்தால் பாதை திறக்கிறது. பாதையில் நடப்பது வேறு வேலை.

மேற்குத் திசை

அந்த வேலைக்கு என்றே ஒரு முறையை ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் உண்டாக்கினார்கள். கெட்ட நினைவோடு மல்லுக்கு நிற்காதே. அது பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கு எது பெரிது என்று கண்டுபிடித்து, அந்த வழியில் நட — இதுதான் அதன் சாரம்.

அவர்கள் ஓர் உவமை சொல்வார்கள். மேற்கே எவ்வளவு தூரம் நடந்தாலும் "மேற்கு வந்து விட்டது" என்று யாரும் உட்கார முடியாது. கல்யாணம் ஒரு நாளில் முடியும். அன்பான கணவனாக இருப்பது முடிகிற காரியமா?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பரீட்சையில் என்ன ஆயிற்று?

ஈராக், ஆப்கானிஸ்தான் சண்டைகளில் இருந்து திரும்பியவர்களிடம் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. பழைய சம்பவத்தைத் தொடாமல், அன்றாடப் பிரச்சினைகளை மட்டும் பேசும் சாதாரண சிகிச்சையோடு இதை ஒப்பிட்டார்கள். மன வேதனையைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

மனச்சாட்சிக் காயம்

பயத்தால் அல்ல, குற்ற உணர்ச்சியால் வாடுகிறவர்களும் இருக்கிறார்கள். செய்யக் கூடாததைச் செய்தவர்கள், தடுக்க வேண்டியதைத் தடுக்காமல் நின்றவர்கள், மேலதிகாரியால் ஏமாற்றப்பட்டவர்கள். பாஸ்டன் நகர டாக்டர் ஜோனதன் ஷே, 1994-ல் எழுதிய புத்தகத்தில் இவர்களைப் பற்றி விரிவாகச் சொன்னார். அவர்களுடைய உடைந்த பொருள், அவர்கள் உயர்வாக மதித்த நெறியேதான். "நீங்கள் குற்றவாளி அல்ல" என்று சொன்னால் அவர்கள் நம்புவது இல்லை. சில சமயம் அவர்கள் நம்பாததே நியாயம்!

இவர்களுக்காக பிரெட் லிட்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழி கண்டார்கள். இறந்து போனவரோடு, அல்லது தாம் பெரிதும் மதிக்கிற ஒரு பெரியவரோடு, எதிரே இருப்பது போல நினைத்துக் கொண்டு மனம் விட்டுப் பேச வேண்டும். பிறகு, கெட்டுப் போனதற்கு ஈடாக நல்ல காரியம் ஒன்றைச் செய்யத் தொடங்க வேண்டும்.

இந்த முறையின் விரிவான வடிவத்தைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தத் தடவை முக்கிய அளவுகோலையே மாற்றி விட்டார்கள். வேலை, நண்பர்கள், குடும்பம் — இந்த மூன்றிலும் வாழ்க்கை எவ்வளவு தடைப்படுகிறது என்று கேட்டார்கள். சாதாரண சிகிச்சை பெற்றவர்களைவிடப் புதிய முறையில் சேர்ந்தவர்கள் அதிகமாகத் தேறி இருந்தார்கள்.

மதித்த வழியில் நடக்கிறோமா என்று நேரடியாகவே கேட்கும் ஒரு கேள்வித் தாளும் 2014 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தயாரானது. 10 கேள்விகள்தான். கடந்த ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்கிறது. நிரப்புவதற்குச் சில நிமிடங்கள் போதும்.