புரோட்டீன் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் யாராவது எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாலோ, செய்துகொள்ளப் போகிறார்கள் என்றாலோ கடைசிவரை படித்துவிடுங்கள்.

"புரோட்டீன் பவுடர் கிட்னியைக் கெடுக்கும், தொடாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் மறுபடியும் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி. தசை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் சாப்பிட வேண்டாம் என்று அதில் சொல்லியிருப்பது உண்மை. நல்ல அறிவுரைதான். ஆனால் யாருக்கு? நல்ல வயிறும் நல்ல பசியும் உள்ளவர்களுக்கு. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்த ஒருவருக்கு அதே செய்தியை அனுப்பி, "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்பது அறியாமை. அவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்தபின் மிஞ்சும் இரைப்பை ஒரு வாழைப்பழ அளவு. பைபாஸ் என்றால் அதைவிடச் சிறிய பை, சுமார் 30 மில்லி. முதல் சில வாரங்கள் தண்ணீர் ஆகாரம், பிறகு மசித்தது, பிறகு குழைவானது என்று படிப்படியாகத்தான் சாதாரணச் சாப்பாட்டுக்கு வர முடியும். அந்த நாட்களிலும் உடம்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பலருக்கு 80 வரை போகும். ஒரு முட்டையில் 6 கிராம். அப்படியானால் பத்து முட்டை. 100 மில்லி பாலில் 3 கிராம் சொச்சம். அப்படியானால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் பால். நாலு வாய் குடித்தாலே நெஞ்சை அடைக்கும் ஒருவர் இதற்கு எங்கே போவார்? கஞ்சித் தண்ணீரும் ரசமும் இளநீரும் தெம்பு தருவதுபோல் தோன்றும். புரதக் கணக்கில் அவை கிட்டத்தட்டப் பூஜ்யம்.

புரதம் போதாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவழிக்கும். எடை இயந்திரத்தில் எண் குறையும், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவோம். குறைந்தது கொழுப்பா தசையா என்று அந்த இயந்திரம் சொல்லாது. ஆகவே அந்த மாதங்களில் பவுடர் என்பது மருந்துச் சீட்டில் இருக்கும் மாத்திரை மாதிரி. ஜிம் பையன்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கு முன்பும் அதற்கு ஒரு வேலை உண்டு. பல மருத்துவமனைகளில் ஒன்றிரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துப் புரத பானம் கொடுக்கிறார்கள். கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் படிந்திருக்கிறது. கொழுப்பு சேர்ந்து வீங்கியிருந்தால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும். இந்த உணவுமுறையில் அது சுருங்கிக் கொடுக்கும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அந்த நாட்களுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சுகர் திடீரென்று இறங்கிவிடும்.

சரி, எந்த டப்பா வாங்குவது?

என் அக்கா மகளுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. லட்சக்கணக்கில் செலவு. டிஸ்சார்ஜ் சீட்டில் "புரத பானம், 2 ஸ்கூப், தினம் இரண்டு வேளை" என்று ஒரே ஒரு வரி. என்ன வகை, எத்தனை கிராம், ஒன்றுமில்லை. மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டப்பாவின் முன்பக்கம் "ஹை புரோட்டீன்" என்று கொட்டை எழுத்து. மூன்று மாதம் அதைத்தான் குடித்தாள். மாடிப்படி ஏற முடியவில்லை, சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. வேகமாக எடை குறைந்தால் மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவது பலருக்கும் உள்ளதுதான். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் அது இன்னும் கூடும். வேறொரு டயட்டீஷியன் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது புரோட்டீன் பவுடர் இல்லைம்மா, இனிப்பு மாவு." அவள் குடித்ததெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 20 கிராம் புரதம்கூட வரவில்லை.

முன்பக்கம் விளம்பரம். உண்மை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும்.

1. ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்று பாருங்கள். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் இருந்தால் 80 சதவீதம். அது புரோட்டீன் பவுடர். 30 கிராமில் 9 கிராம்தான் என்றால் மீதி 21 கிராமும் வேறு ஏதோ.

2. விலையை டப்பாவுக்குப் பார்க்காதீர்கள், புரதத்துக்குப் பாருங்கள். 400 கிராம் டப்பா 600 ரூபாய், புரதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 120 கிராம் புரதம், கிராமுக்கு 5 ரூபாய். ஒரு கிலோ டப்பா 3200 ரூபாய், 80 சதவீதம் என்றால் 800 கிராம், கிராமுக்கு 4 ரூபாய். மலிவு என்று நாம் எடுத்ததுதான் விலை அதிகம்.

3. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். முதல் இரண்டு மூன்று பெயர்களில் சர்க்கரையோ மால்ட்டோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை நேரே குடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, மயக்கம், பேதி என்று படுத்திவிடும். 'டம்பிங்' என்பார்கள்.

4. என்ன புரதம்? வே ஐசொலேட்டில் லாக்டோஸ் மிகக் குறைவு. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புபவர்களுக்கு கான்சென்ட்ரேட்டைவிட அது நல்லது. பாலே வேண்டாம் என்றால் சோயா ஐசொலேட் இருக்கிறது. சருமத்துக்கு நல்லது என்று விற்கும் கொலாஜனை மட்டும் இதற்காக நம்பாதீர்கள். டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லை. எத்தனை கிராம் குடித்தாலும் அது முழுப் புரதம் ஆகாது.

5. கிளைசின், டாரின் என்று தனித்தனிப் பெயர்கள் பட்டியலில் இருந்தால் உஷாராக இருங்கள். பரிசோதனையில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து கணக்கிடுகிறார்கள். மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து எண்ணைக் கூட்டிக் காட்டலாம். 2008இல் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் மெலமைன் கலந்ததும் இந்த ஓட்டை வழியாகத்தான்.

லேபிளே பொய் சொன்னால்? நியாயமான கேள்வி. 2024இல் கேரள மருத்துவர் குழு ஒன்று நம் நாட்டுச் சந்தையில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்தபோது, 25இல் லேபிளில் சொன்னதும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டுதான், "ஹெல்த் டிரிங்க்" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை, அந்தத் தலைப்பில் விற்காதீர்கள் என்று மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. அதுவரை எத்தனை வருடம் அந்தப் பெயரை நம்பி வாங்கினோம்! ஆகவே 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், காலாவதித் தேதி, சீல், பில் எல்லாம் பார்த்து வாங்குங்கள். ஜிம்மில் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று போகாதீர்கள்.

இந்த ஐந்து விஷயங்களையும் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஆகுமா? லட்சங்களை வாங்கும் மருத்துவமனை அந்த அரை மணி நேரத்தைத் தந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆபரேஷனுக்கு முன்பே, நோயாளியையும் வீட்டில் சமைப்பவரையும் சேர்த்து உட்கார வைத்து, லேபிளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் தராவிட்டால் நாம் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? எந்த வகை? எத்தனை மாதம்? இந்த மூன்றையும் எழுதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் அளவு சொல்லாமல் ஒரு ஸ்கூப்கூடத் தொட வேண்டாம்.

குடிக்கும் முறையும் முக்கியம். ஆபரேஷனுக்குப் பின் நாக்கு ருசி மாறும். நேற்றுப் பிடித்த சாக்லேட் வாசனை இன்று குமட்டும். எடுத்தவுடனே இரண்டு கிலோ டப்பா வாங்காமல் சின்னப் பாக்கெட்டாக வாங்கிப் பாருங்கள். இனிப்பு பிடிக்காவிட்டால் வாசனை சேர்க்காததும் கிடைக்கிறது. மோரிலோ வெதுவெதுப்பான சூப்பிலோ கலக்கலாம். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் திரிந்து கட்டியாகும். மடக் மடக்கென்று குடிக்காமல் ஒரு டம்ளரை அரை மணி நேரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

பவுடர் இருக்கிறதே என்று பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்திவிடக் கூடாது. அவற்றின் வேலை வேறு. வயிறு ஆறி முட்டையும் மீனும் கோழியும், சைவம் என்றால் பனீரும் தயிரும் பருப்பும் சுண்டலும் இறங்கத் தொடங்கியதும், டயட்டீஷியனைக் கேட்டுப் பவுடரைக் குறைத்துக்கொண்டே வரலாம். தட்டில் முதலில் அவற்றைச் சாப்பிடட்டும், இட்லியும் சோறும் பிறகு.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று. "காசைக் கொட்டி வயிற்றை அறுத்துக்கொண்டு இப்போது மாவு குடிக்கிறாள்" என்ற பேச்சு என் காதிலேயே விழுந்தது. ஆபரேஷன் செய்துகொள்வது சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். சுகரும் மூட்டு வலியும் தூக்கத்தில் மூச்சுத் திணறலுமாக வருடக்கணக்கில் பட்ட பாடு பட்டவருக்குத்தான் தெரியும். அந்தப் பேச்சுக்குக் கூச்சப்பட்டு டப்பாவை அலமாரிக்குள் ஒளித்து வைத்துக் குடிக்கிறார்கள், விருந்தினர் வந்தால் குடிக்காமலே விட்டுவிடுகிறார்கள். கேலி செய்வதற்குப் பதில் வேளைக்கு ஒரு டம்ளர் கலந்து கையில் கொடுங்கள்.

ஆபரேஷன் செய்துகொண்ட நண்பர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எந்த பிராண்ட் என்பதைவிட, உங்களுக்கு எத்தனை கிராம் சொன்னார்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.