எந்த இராமநாதன்? எந்த வீரசிங்கம்?

காணி உறுதி முடிக்க நொத்தாரிசிடம் செல்லும் எந்தக் கமக்காரனும் காணியின் பெயரை மட்டும் கூறிவிட்டுத் திரும்புவதில்லை. ஒரே காணிப் பெயர் ஊருக்குள் நாலு துண்டுக்கு உண்டு என்பதை அவன் அறிவான். ஆகவே இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிழக்கே இன்னாருடையது, வடக்கே ஒழுங்கை என்று நான்கு எல்லைகளையும் எழுதுவித்த பின்னரே கையொப்பமிடுகின்றான். அரைப் பரப்புத் தோட்டத்துக்கு நாம் காட்டும் இந்த எச்சரிக்கையை, நம் பெரியோரின் பெயரைக் கட்டடங்களுக்குச் சூட்டும்போது காட்டினோமில்லை.

பிற சமூகத்தவர்க்கு இது அத்துணை பெரிய குறையாகாது. அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கோ தந்தையின் பெயரே முன்னெழுத்து. பாட்டனின் பெயரே பேரனுக்கு. முதலியார் பொன்னம்பலத்தின் தந்தையார் அருணாசலம். அவர் மைந்தரும் அருணாசலம். தமிழ்க் காங்கிரசை 1944இல் நிறுவிய ஜி. ஜி. பொன்னம்பலம் இக்குடும்பத்தவர் அல்லர். ஆயின் அவருடைய மைந்தர் குமார் பொன்னம்பலமும் அதே ஜி. ஜி. என்ற எழுத்துக்களையே தம் பெயரின் முன் கொண்டிருந்தார். இராமநாதனை நாம் ‘பொன்.’ என்று சுருக்கி எழுதுகின்றோம். தந்தையின் பெயரில் அம்பலம் போய்ப் பொன் மட்டும் எஞ்சியது!

கட்டடத்தால் பெயர் நிலைத்ததற்குக் கொழும்புக் கொச்சிக்கடையில் ஓர் அழகிய சான்று உண்டு. பொன்னம்பலவாணர் தில்லைக் கூத்தனின் திருநாமம். அப்பெருமானின் அம்பலத்தையே தம் பெயராகக் கொண்ட முதலியார் பொன்னம்பலம் 1857இல் ஆலயம் எடுத்தார். ஆங்கே எழுந்தருளிய இறைவன் பொன்னம்பலவாணேசுவரர் ஆயினார். இறைவனிடமிருந்து மனிதனுக்கு வந்த பெயர் மீண்டும் இறைவனிடமே சென்று சேர்ந்தது. பின்னர் அதனைக் கருங்கற் கோயிலாகத் திருப்பணி செய்தவர் மைந்தர் இராமநாதன். பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் உடன்பிறந்தார் இருவர்க்கும் தனித்தனி விடுதிகள் உள. அருணாசலம் விடுதியில் உறங்கி எழும் மாணவருள் எத்தனை பேர், இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று முன்னின்று வாதாடியவர் அந்த அருணாசலமே என்பதை அறிவர்?

கோயிலிலாவது வரலாறு தெரிந்த நாலு பேர் இருப்பர். யாழ்ப்பாண நகருக்கு வருவோம். வீரசிங்கம் எங்கே என்று கேட்டால் சிறு பிள்ளையும் கை காட்டும். வீரசிங்கம் யார் என்று கேட்டாலோ பெரியவர்களும் விழிப்பர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர். 1952 முதல் 1956 வரை வட்டுக்கோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். எல்லாவற்றுக்கும் மேலாக வடபுலத்துக் கூட்டுறவு இயக்கத்தின் தூண்களில் ஒருவர். புகையிலைத் தோட்டக்காரன் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டாமல், தன்னை ஒத்தவர்களோடு சேர்ந்து விற்கக் கற்றது அந்த இயக்கத்தினாலேதான். இன்று அதே மண்டபத்தில் நாட்டியம் பார்க்கவும் நூல் வெளியீட்டுக்கும் கூடுகின்றோம். மண்டபத்துக்குப் பெயர் தந்தவர் சுவருக்குள்ளே மறைந்துவிட்டார்.

1974 சனவரி 10ஆந் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை ஒட்டிக் கூடிய மக்கள்மீது பொலிசார் பாய்ந்ததும், ஒன்பது உயிர்கள் பலியானதும் அம்மண்டபத்தின் முன்றலில்தான். அன்றிலிருந்து வீரசிங்கம் என்ற சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் சேர்ந்துவிட்டது: மனிதர், மண்டபம், துயரம். முன்னையதை நாம் மறந்தது பின்னையதன் பாரத்தினால் என்று சமாதானம் கூறலாம். நான் அதனை ஏற்கேன். இரண்டையும் நினைவிற் கொள்ள ஒரு சமூகத்துக்கு இடமுண்டு.

அதற்கு அணித்தே துரையப்பா விளையாட்டரங்கு. 2016இல் இந்திய உதவியுடன் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. அல்பிரட் துரையப்பா 1960 முதல் 1965 வரை யாழ்ப்பாணத்தின் பாராளுமன்ற உறுப்பினர்; மேற்கூறிய துயரம் நிகழ்ந்தபோது நகரின் மேயர்; 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலடியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்பெயரைப் பலகையிலிருந்து நீக்கவேண்டும் என்பாரும் உளர். புகழுரை மட்டும் போதும் என்பாரும் உளர். இரு திறத்தாருக்கும் என் விடை ஒன்றே: பெயர் இருக்கட்டும், அவர் வகித்த பதவிகளும், அவர் எவ்வாறு மாண்டார் என்பதும் ஆண்டுடன் எழுதப்படட்டும். பிடித்தவருக்கு மட்டும் எல்லை வரைந்து, பிடிக்காதவரை வெறும் பெயராக விட்டுவிடுவது வரலாறாகாது, ஒருதலைத் தீர்ப்பாகும்.

பெயர் அற்ப விடயம் என்று எண்ணுவோர், நூலகத்தின் அயலில் இந்திய உதவியால் எழுந்த கலாசார நிலையத்தை நினைவுகூரட்டும். 2025 சனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. வள்ளுவர் பெயரை வேண்டாமென்னும் தமிழன் எவன்? யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயர் எங்கே என்றுதான் மக்கள் வினவினர். குரல் எழுந்த பின்னரே ஊரின் பெயரும் உடன் வந்தது. சூட்டுமுன் ஊரைக் கேட்டிருந்தால் இவ்வளவு வேண்டியிருந்திராது.

2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் எல்லைக்குள் மனிதர் பெயர் தாங்கி நிற்கும் ஒவ்வொரு மண்டபம், நூலகம், அரங்கு, வீதிக்கும் ஒரு பலகை நாட்டுங்கள். தந்தை பெயரைச் சுருக்காது முழுப் பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, செய்த பணி, பெயர் சூட்டிய சபை, சூட்டிய திகதி — இவ்வளவே போதும். சபையின் பழைய தீர்மானப் புத்தகங்கள் கறையான் தின்னுமுன் அவற்றைப் புரட்டிப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களையும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் கேளுங்கள். புதிதாகப் பெயர் சூட்டுவதாயின் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து, ஆட்சேபனைகளைக் கேட்ட பின்னரே தீர்மானம் நிறைவேற்றுங்கள். வீரசிங்கம் மண்டபத்தின் பலகைக்கு மட்டும் சபையின் பணத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதனை நாட்டக் கூட்டுறவுச் சங்கங்களே முன்வரவேண்டும்.