கோடு மாறினால் நோய் பொய்யாகுமா?



காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு நெசவாளர் ஒருவர் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டார். “என் அப்பாவுக்கு 130 இருந்தபோது நோயில்லை என்றார்கள். எனக்கும் அதே 130; நோய் என்கிறார்கள். எதை நம்புவது, சார்?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. வெறும் வயிற்றில், ஒரு டெசிலிட்டர் பிளாஸ்மாவில் 140 மில்லிகிராம் குளுக்கோஸ் என்பதே 1985இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 1999இல் அது 126 ஆயிற்று.

தண்ணீரின் கொதிநிலை இயற்கை வகுத்தது. நோயின் எல்லையோ மனிதர் வரைந்த கோடு. ஆயிரக்கணக்கானோரின் விழித்திரையைச் சோதித்தபோது, 140க்குக் கீழேயே பாதிப்பு தலைகாட்டுவது தெரிந்தது. எனவே கோடு இறங்கியது. மாறியது நோயன்று, நமது அறிவு.

2011இல் மற்றொரு சோதனையும் ஏற்கப்பட்டது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை, இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நோய்.

சரிகை இழையைப் பார்ப்பது கண்; குழித்தறியில் மிதிப்பது பாதம். கட்டுப்படாத சர்க்கரை இரண்டையும் ஓசையின்றிக் கெடுக்கும். மாத்திரையை நிறுத்தியதும் வலிக்காது, ஆபத்தே அதுதான்.

சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவது தவறு என்பதே என் கருத்து. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. விளக்கத்தை யார் கொண்டு செல்வது? அறிவியல் படிக்கும் நீங்கள்தாம்!